பெரிய டர்போ மாட்டினால் கார் மலை ஏறுமா?

கொல்லிமலையில் மிளகும் அன்னாசியும் வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. செகண்ட் ஹேண்டில் ஸ்விஃப்ட் டீசல் கார் வாங்கியிருக்கிறார். வீட்டு ஆட்கள் நாலு பேர் ஏறி, டிக்கியில் இரண்டு மூட்டையும் வைத்துவிட்டால் கொண்டை ஊசி வளைவில் வண்டி திணறுகிறதாம். ‘பெரிய டர்போ மாட்டினால் பிய்த்துக்கொண்டு ஏறும்’ என்று தெரிந்த மெக்கானிக் சொல்லியிருக்கிறார். மிளகு விற்ற பணம் கையில் இருக்கிறது, செலவு செய்யலாமா என்று கேட்கிறார்.

இது அவர் ஒருவருக்கான கேள்வி இல்லை. அந்தக் காரில் இருப்பது 1,248 சி.சி. டீசல் என்ஜின். ஃபியட் கம்பெனி வடிவமைத்தது. ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல வண்டிகளில் இதே என்ஜின்தான் வெவ்வேறு பெயரில் வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. ஆக, இன்றைக்கு கைமாறி கிராமத்துக்கு வரும் மாருதி டீசல் கார்கள் எல்லாமே வயதானவை. வாங்கியவுடன் ‘இழுவை பத்தவில்லை’ என்ற பேச்சும், ‘டர்போவை மாற்றிவிடலாம்’ என்ற யோசனையும் கூடவே வருகின்றன.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலை ஏறுவதற்காக பெரிய டர்போ மாட்டாதீர்கள். உங்கள் சிரமம் குறையாது, கூடும். ஏன் என்று பார்ப்போம்.

காற்று வந்தால் போதுமா?

ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிய குறைந்தது 12 கிலோ காற்று வேண்டும். அளவில் சொன்னால் சுமார் 10,000 லிட்டர் காற்று. புகையில்லாமல் எரிய வேண்டுமானால் இதைவிடவும் கூடுதலாக வேண்டும். இவ்வளவு காற்றை ஒரு சின்ன என்ஜின் தானாக உறிஞ்சிக்கொள்வது கஷ்டம். அதற்குத்தான் டர்போ. எரிந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் சாமான் இது. சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரெட் பூச்சி 1905-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால், டீசல் காரில் டர்போ வைத்து விற்பனைக்கு வந்தது 1978-ல்தான். மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனியின் கார் அது.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. டர்போ காற்றைத்தான் தருகிறது, சக்தியைத் தருவதில்லை. சக்தி டீசலிலிருந்து வருகிறது. எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும் என்று முடிவு செய்வது என்ஜின் கம்ப்யூட்டர். அதில் எழுதியிருக்கும் கணக்கை மாற்றாமல் டர்போவை மட்டும் பெரிதாக்கினால், 5 ஹெச்.பி. மோட்டாரை எடுத்துவிட்டு 7.5 ஹெச்.பி. மோட்டாரை இறக்கிய கதைதான். போர்வெல்லில் ஊறும் தண்ணீர் அதேதானே?

வளைவில் நடப்பது என்ன?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்குள் நுழையும்போது வேகம் 15, 20 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். இரண்டாவது கியரிலேயே திருப்பினால் என்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கும் கீழே போய்விடும். இந்த என்ஜினின் 75 குதிரைத்திறன் மாடல் தன் முழு இழுவையான 190 நியூட்டன் மீட்டரைத் தருவது 2,000 சுற்றில். அதற்குக் கீழே புகையின் வேகம் குறைவு என்பதால் டர்போ சக்கரம் சோம்பிக் கிடக்கும். வளைவில் வண்டி திணறும் காரணம் இதுதான்.

இப்போது பெரிய டர்போவை நினைத்துப் பாருங்கள். சக்கரம் பெரிது, எடை கூடுதல், புகை போகும் வழியும் அகலம். சின்ன வாய்க்கால் தண்ணீரில் பெரிய சக்கரத்தை வைத்தால் சுற்றுமா? 2,000 சுற்றில் விழித்துக்கொண்ட டர்போ, இனி 2,500, 2,800 என்று போனால்தான் விழிக்கும். நான்கு வழிச் சாலையில் 120-க்கு மேல் பறக்கிறவருக்கு அது பலன் தரலாம். காய்கறி மூட்டையோடு இரண்டாவது கியரில் ஏறுகிறவருக்கு, இருக்கிற இழுவையும் போய்விடும்.

கம்பெனிக்காரர்களே இதே என்ஜினில் சக்தியைக் கூட்டியிருக்கிறார்கள். எர்டிகா, சியாஸ் கார்களில் வந்த 90 குதிரைத்திறன் மாடல் அப்படிப்பட்டது. அதில் 200 நியூட்டன் மீட்டர் இழுவை 1,750 சுற்றிலேயே கிடைத்துவிடும். இதற்கு அவர்கள் டர்போவின் அளவை மட்டும் கூட்டவில்லை, அதன் வாயை மாற்றியமைத்தார்கள். ஹோஸில் தண்ணீர் விடும்போது வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் தூரமாகப் பீய்ச்சும் அல்லவா? அதே வேலையைச் செய்யும் சின்னச் சின்ன தகடுகள் அந்த டர்போவுக்குள் இருக்கின்றன. என்ஜின் மெதுவாக ஓடும்போது வாய் குறுகும், வேகம் எடுக்கும்போது விரியும். அதற்கு ஏற்றபடி கம்ப்யூட்டர் கணக்கும் எழுதப்பட்டது. அந்த டர்போவைப் பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்து வந்து 75 மாடலில் மாட்டுகிறவர்கள் உண்டு. தகடுகளை இயக்க உங்கள் காரின் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அரைகுறையாகக் கம்பி கட்டி, வாயை ஒரே நிலையில் நிறுத்திவிட்டுப் போவார்கள். வாசகர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சூடு

‘கம்ப்யூட்டர் கணக்கையும் மாற்றி, டீசலையும் கூட்டிவிட்டால்?’ என்று கேட்பீர்கள். சக்தி கூடும், உண்மைதான். கூடவே சூடும் கூடும். பிஸ்டன் செய்திருப்பது அலுமினியக் கலவையில். சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். பாரம் இழுக்கும்போது வெளியேறும் புகையின் சூடே 700 டிகிரியைத் தொடும். அப்படியும் பிஸ்டன் பிழைத்திருப்பது எதனால்? ஒவ்வொரு வெடிப்பும் கண் இமைக்கும் நேரத்துக்குத்தான். வந்த சூட்டை ஆயிலும் ரிங்கும் உடனே வாங்கிக்கொண்டு போய்விடுகின்றன. டீசலை அளவுக்கு மேல் தெளித்து, அரை மணி நேரம் தொடர்ந்து மலை ஏற்றினால் இந்தக் கணக்கு தப்பும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். அதன் பிறகு டர்போ செலவைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, என்ஜின் செலவைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அதற்கு முன்பே கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிடும். அது தனிச் செலவு.

பணத்தை எடுக்கும் முன்

லட்சம் கிலோமீட்டர் தாண்டிய கார் மலையில் திணறினால், டர்போ சின்னது என்று நினைக்காதீர்கள். புதிதாக ஷோரூமிலிருந்து வந்தபோது இதே டர்போவோடுதான் ஏறியது. இடையில் ஏதோ ஒன்று போயிருக்கிறது, அதைத் தேட வேண்டும்.

முதல் சந்தேகம் ரப்பர் ஹோஸ் மீது. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து என்ஜினுக்கும் போகும் ஹோஸ்கள் வருடக்கணக்கில் சூட்டில் வெந்து, அடிப்பக்கம் கீறல் விடும். வண்டி சும்மா நிற்கும்போது கீறல் மூடியிருக்கும், அழுத்தம் ஏறும்போது வாய் பிளக்கும். ஏற்றத்தில் ‘உஸ்’ என்ற சத்தமும், பின்னால் கரும்புகையும், இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் இதுதான். ஹோஸ் முழுக்கத் தடவிப் பாருங்கள், என்ஜின் அணைந்து ஆறிய பிறகு. ஆயில் கசிந்து மண் ஒட்டியிருக்கும் இடத்தில் கீறல் இருக்கும். கிளாம்ப் தளர்ந்திருந்தால் இறுக்கினாலே சரியாகிவிடும்.

அடுத்தது ஃபில்டர்கள். மண் பாதையில் ஓடும் வண்டிக்குக் கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. ஏர் ஃபில்டரை அதற்கு முன்பே மாற்ற வேண்டும். டீசல் ஃபில்டர் அடைத்தாலும் இதே திணறல் வரும். கேனில் வாங்கி வைத்த டீசலை ஊற்றுகிறவர்கள், ஃபில்டரில் சேரும் தண்ணீரைத் தவறாமல் வடித்துவிட வேண்டும்.

இ.ஜி.ஆர். வால்வு என்று ஒன்று இருக்கிறது. புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் அனுப்புவது அதன் வேலை. மெதுவாகவே ஓடும் வண்டியில் அதில் கரி தார் போலப் படியும். திறந்தபடி மாட்டிக்கொண்டால் வண்டிக்கு மூச்சு முட்டும். கழற்றிச் சுத்தம் செய்யலாம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்தாலும் டர்போ வேகமெடுக்காது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் திணறினால் டர்போவைப் பார்க்க வேண்டும். என்ஜின் அணைந்திருக்கும்போது காற்று வரும் பக்கத்து ஹோஸைக் கழற்றி, சக்கரத்தின் நடுத் தண்டை விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆட்டம் தெரியக் கூடாது. இலைகள் சுற்றுச் சுவரில் உரசிய தடம் இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. அப்போது பழைய அளவிலேயே மாற்றுங்கள். மாற்றும்போது டர்போவுக்கு ஆயில் போகும் குழாயையும் மாற்றச் சொல்லுங்கள். டர்போக்கள் பெரும்பாலும் சாவது ஆயில் பட்டினியால்தான். அடைத்த குழாயை அப்படியே விட்டுவிட்டுப் புது டர்போ மாட்டினால் அதுவும் சீக்கிரமே போய்விடும்.

வேலை தெரிந்த பட்டறையில் ஸ்கேனர் இருக்கும். வண்டியை ஏற்றத்தில் ஓட்டி, கம்ப்யூட்டர் கேட்கும் காற்றழுத்தம் எவ்வளவு, உண்மையில் வரும் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் உங்கள் டர்போவுக்கு ஒரு குறையும் இல்லை. இந்தப் பரிசோதனை செய்யாமல் டர்போவை மாற்றச் சொல்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களில் டீசல் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் இருக்கும். கசிவைக் கையால் தொட்டுத் தேடக் கூடாது. ஊசி போலத் தோலுக்குள் இறங்கிவிடும், விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

ஆர்.டி.ஓ. என்ன சொல்வார்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்ஷூரன்ஸ். மலையில் விபத்து நடந்து, மாற்றியமைத்த என்ஜின் என்று சர்வேயர் எழுதிவிட்டால் பணம் வாங்குவது பெரும் பாடாகிவிடும். 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போதும் புகை சோதனையில் சிக்கும்.

கொல்லிமலை வாசகருக்கு இப்போதைக்கு ஒன்று. வளைவுக்குள் போன பிறகு கியரைத் தேடாதீர்கள். நுழையும் முன்பே முதல் கியருக்கு இறக்கி, என்ஜினை 2,000 சுற்றுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்புங்கள். ஹோஸையும் ஃபில்டரையும் பார்த்துவிட்டு, பிறகு எழுதுங்கள்.

இதையொட்டி வந்த கேள்விகள்

*டர்போ இல்லாத பழைய டிராக்டருக்கு டர்போ மாட்டலாமா?*

வேண்டாம். டர்போவுக்கென்று செய்த என்ஜினில் பிஸ்டன், கேஸ்கெட், ஆயில் பம்ப், ரேடியேட்டர் எல்லாமே வேறு. ரோட்டவேட்டர் ஓட்டும்போது டிராக்டர் மணிக்கணக்கில் முழு பாரத்தில் வேலை செய்கிறது. காரைப் போல இடையில் ஓய்வு கிடைக்காது. கூடுதல் சூட்டில் ஹெட் கேஸ்கெட்தான் முதலில் போகும்.

*ஓட்டி வந்தவுடன் என்ஜினை அணைக்கக் கூடாது என்கிறார்களே?*

மலை ஏறியோ, பாரம் இழுத்தோ வந்திருந்தால் ஒன்றிரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள். உடனே அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, சூடான தண்டில் இருக்கும் ஆயில் கருகிக் கரியாகிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்ஸிலேட்டரை முறுக்குவதும் கெடுதல்.

*சாவியைத் திருப்பியும் என்ஜின் நிற்காமல் தானாக வேகமெடுத்தது என்று பக்கத்து ஊரில் சொல்கிறார்கள். நடக்குமா?*

நடக்கும். டர்போவின் சீல் போய், ஆயில் காற்றோடு கலந்து உள்ளே போனால், என்ஜின் அந்த ஆயிலையே எரித்து ஓடும். டீசலை நிறுத்தினாலும் நிற்காது. கிளட்சை மிதித்து மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தபடி கிளட்சை விடுங்கள், மூச்சடங்கி நிற்கும். முடியவில்லை என்றால் எல்லோரையும் இறக்கிவிட்டு விலகி நில்லுங்கள். காற்று போகும் குழாயைக் கையால் மூடப் போகாதீர்கள். பின்னால் தொடர்ந்து நீலப்புகை வருவதும், ஆயில் அளவு வாரத்துக்கு வாரம் குறைவதும் இதற்கு முன்னறிவிப்பு. அந்த நிலையில் வண்டியை மலைக்கு எடுக்காமல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.