இன்னொன்று வாங்கினால் சண்டை தீருமா?

பங்கு இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் குருவானவரின் முன் பலவித வழக்குகள் வந்து சேரும். காணி எல்லை, மதிற்சுவர், மாமியார் மருமகள் மனத்தாங்கல் என அவை பெரும்பாலும் பழகிய வழக்குகளே. ஆனால் அண்மையில் கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால், மகாவலி கங்கையைப் பார்த்தபடி நிற்கும் மேட்டு வீடொன்றில் ஒரு தாய் முன்வைத்த வழக்கு எனக்குப் புதியது.

"பாதர், ஒரு பெட்டியை வச்சிக்கிட்டு அண்ணனும் தம்பியும் தினமும் அடிச்சிக்கிறாங்க. இன்னொன்னு வாங்கிக் குடுத்தா வீடு அமைதியாயிரும்னு இவங்கப்பா சொல்றாரு. வாங்கலாமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்ன பெட்டி, தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் பிளேஸ்டேஷன் கருவி. தந்தை கட்டாரில் பணிபுரிகிறார். சென்ற விடுமுறையில் அவர் கொண்டுவந்து கொடுத்தது அது. மூத்தவன் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறான். இளையவன் தரம் 6 இல் படிக்கிறான். நத்தாருக்கு முன் இரண்டாவது கருவிக்கான பணத்தை அனுப்பத் தந்தை ஆயத்தமாக இருந்தார்.

இப்படியொரு வழக்கு நம் ஆண்டவரிடமும் வந்ததை லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். கூட்டத்திலிருந்த ஒருவர், குடும்பச் சொத்தைத் தம்மோடு பங்கிடும்படி தம் சகோதரனுக்குச் சொல்லுமாறு இயேசுவை வேண்டினார். பாகம் பிரிக்கும் நடுவராக இருக்க இயேசு உடன்படவில்லை. மாறாக, சண்டைக்கு அடியில் கிடந்த வேரைச் சுட்டிக்காட்டினார். எவ்வளவு மிகுதியாக வைத்திருந்தாலும் உடைமைகளால் வாழ்வு வந்துவிடாது என்று எச்சரித்தார். ஆண்டவரே ஏற்காத நடுவர் ஆசனத்தில் நான் எப்படி அமர்வது?

அதற்காக, வீடியோ விளையாட்டு பாவம் என்று பிரசங்கம் செய்யவும் நான் முனையவில்லை. 2025 செப்டெம்பர் 7ஆம் திகதி, திருத்தந்தை பதினான்காம் லியோ அவர்களால் புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அக்குத்திஸ், பிளேஸ்டேஷனில் விளையாடி மகிழ்ந்த இளைஞர். 1991இல் பிறந்து, 2006 ஒக்டோபர் 12ஆம் திகதி, பதினைந்து வயதில் இரத்தப் புற்றுநோயால் இறைவனடி சேர்ந்தவர். நற்கருணைப் புதுமைகளை உலகறியச் செய்வதற்குக் கணினியைப் பயன்படுத்தியவர். அவர் கருவியை வீசியெறியவில்லை. விளையாட்டுக்கு வாரத்தில் ஒரு மணிநேரம் என்று தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டார். தாயார் இரண்டாவது சோடிச் சப்பாத்து வாங்க முற்பட்டபோது, ஒன்று போதும், அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்று மறுத்ததாகவும் அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. முதலாவதை நன்றியோடு ஏற்கவும், இரண்டாவதைக் கேள்வி கேட்கவும் தெரிந்த பிள்ளை அவர்.

மருத்துவ உலகமும் இவ்விடயத்தில் நிதானமாகவே பேசுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில், விளையாட்டுக்கு அடிமையாகும் கோளாறு இடம்பெற்றுள்ளது. விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றையும் விட அதற்கே முதலிடம் கொடுத்தல், தீங்கு நேர்ந்தபின்னும் விடாமல் தொடர்தல் ஆகியன அதன் அறிகுறிகள். பொதுவாக ஓராண்டு காலமாவது இந்நிலை நீடிக்கவேண்டும். ஆகவே விளையாடும் பிள்ளைகள் எல்லாரும் நோயாளிகளல்லர். பெற்றோர் அஞ்சி நடுங்கவும் வேண்டாம். அசட்டையாக இருக்கவும் வேண்டாம்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மூலையில் அமர்ந்திருந்த பாட்டி ஒரு கேள்வி கேட்டார். ஹந்தானைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர் அவர். "சாமி, அந்தப் பெட்டிக்கு எத்தனை பேர் ஆகும்?" தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒருநாள் வேலை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிளேஸ்டேஷன் 5 கருவி 2020 நவம்பரில் அமெரிக்காவில் 499 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. டொலருக்கு 300 ரூபா என்று கொண்டால் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபா. வரியும் வணிகரின் இலாபமும் இதில் சேரவில்லை. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா என 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கூலியில் அது நூற்றுப் பத்துப் பேருக்கும் மேல். மாதம் இருபத்தைந்து நாள் மலையேறினாலும் நான்கு மாதங்களுக்கு மேற்பட்ட உழைப்பு. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. தம் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பேரப்பிள்ளைகளும் அதைப் பார்த்தார்கள்.

'இன்னொன்று' என்னும் சொல்லுக்கு முடிவும் இல்லை. முதலாவது பிளேஸ்டேஷன் 1994இல் வெளிவந்தது. 2000, 2006, 2013, 2020 என்று அடுத்தடுத்த தலைமுறைகள் தொடர்ந்தன. இன்று வாங்கும் இரண்டாவது பெட்டி நாளை பழைய பெட்டியாகும். அப்போது மூன்றாவது கேட்கப்படும். ஆனாலும் பணம் மட்டுமே தடையென்றால், பணமுள்ள வீட்டில் இந்தக் கேள்வி எழ வேண்டியதே இல்லை. உண்மையான கேள்வி வேறிடத்தில் இருந்தது.

என் சிறுவயதில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு கெரம் பலகை இருந்தது. அதற்கும் நாங்கள் சகோதரர்கள் சண்டை பிடித்திருக்கிறோம். ஆனால் ஆளுக்கொரு பலகை வாங்கவேண்டும் என்று யாரும் எண்ணவில்லை. நால்வர் சுற்றியமராமல் கெரம் ஏது? அந்நாளைய பிளேஸ்டேஷன் 2 கருவியிலும் இருவர் சேர்ந்து விளையாட இரண்டு கைக்கருவிகளைப் பொருத்தும் வசதி இருந்தது. இன்றோ பல விளையாட்டுகளை இணையம் வழியாக, எங்கோ இருக்கும் நண்பர்களோடு விளையாடுகிறார்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு கருவியும் ஒரு திரையும் தேவைப்படுகின்றன. திரைக்கு அப்பால் பலர் கூடியிருக்க, திரைக்கு இப்பால் ஒருவனே இருக்கிறான்.

இதை எண்ணியபடி இளையவனை அழைத்து, "தம்பி, உனக்கென்று தனியாக ஒன்று வந்தால் சந்தோஷமா?" என்று கேட்டேன். அவன் தரையைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அண்ணன் கூட்டாளிங்களோடதான் விளையாடுறான், பாதர். என்னை சேத்துக்கிறதில்ல."

வீடு சற்று நேரம் அமைதியானது. அவன் கைக்கருவியைப் பறித்தது விளையாட்டுக்காக அல்ல, அண்ணனுக்காக. இரண்டாவது பெட்டி வந்திருந்தால் சண்டை நின்றிருக்கும். அந்தப் பிள்ளையின் ஏக்கம் அறைக் கதவுக்குப் பின்னால் அடைபட்டுப் போயிருக்கும். ஆபிராமின் மேய்ப்பர்களும் லோத்தின் மேய்ப்பர்களும் சச்சரவிட்டபோது இருவரும் பிரிந்து சென்றதைத் தொடக்கநூலின் 13ஆம் அதிகாரம் கூறுகிறது. சண்டை நின்றது உண்மையே. ஆனால் லோத்தின் கூடாரம் சோதோமை நோக்கி நகர்ந்தது. பிரிவினால் கிடைக்கும் அமைதி சில வேளைகளில் தேவைதான். ஒரே கூரையின் கீழ் வளரும் இரு சகோதரர்களுக்கு அது மலிவான அமைதி.

அன்று மாலை தந்தையோடும் தொலைபேசியில் பேசினேன். "நான்தான் பக்கத்துல இல்லையே, பாதர். வேற என்னத்த அனுப்புறது?" என்றார். அவரைக் குறைகூற எனக்கு நாவெழவில்லை. பிள்ளைகளுக்காகவே பாலை வெயிலில் உழைக்கும் மனிதர். அவர் அனுப்ப நினைத்தது ஒரு பெட்டியை அல்ல, தம்மையே. ஆனால் அந்தப் பெட்டிக்குள் அவர் இல்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2016ஆம் ஆண்டு வழங்கிய 'அன்பின் மகிழ்வு' என்னும் திருத்தூது ஊக்க உரையில், பிள்ளைகள் மின்னணுக் கருவிகளோடு விளையாடுவதைத் தடைசெய்ய வேண்டும் என்று கூறவில்லை. காத்திருக்கக் கற்பிப்பதே பெற்றோரின் கடமை என்கிறார். ஆசையைத் தள்ளிவைப்பது ஆசையை மறுப்பதாகாது என்பது அவர் காட்டும் தெளிவு. முறைவைத்து விளையாடும் ஒரே பெட்டியிடம், காத்திருக்கக் கற்றுத்தரும் பாடமும் இருக்கிறது. இரண்டாவது பெட்டி முதலில் பறித்துக்கொள்வது அந்தப் பாடத்தைத்தான்.

ஆகவே 'வாங்குங்கள்' என்றோ 'வாங்காதீர்கள்' என்றோ நான் தீர்ப்புக் கூறவில்லை. ஒரு மாதத் தவணையும் மூன்று கேள்விகளும் கொடுத்து வந்தேன். முதலாவது, இருக்கும் கருவியை இருவரும் சேர்ந்து பயன்படுத்த உண்மையாகவே முயன்றீர்களா? இரண்டாவது, புதியது வந்தால் வீட்டில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்கும் நேரம் கூடுமா, குறையுமா? மூன்றாவது, அந்தப் பணத்துக்காக இவ்வீட்டிலோ அயலிலோ வேறொரு தேவை காத்திருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பிள்ளைகளையும் கூட்டி வைத்து, செபித்தபின் விடை தேடும்படி கேட்டுக்கொண்டேன்.

ஒரு மாதத்தின் பின் மீண்டும் சென்றேன். நாட்காட்டியின் அருகில் மூத்தவனின் கையெழுத்தில் ஒரு நேரசூசி தொங்கியது. பரீட்சை முடியும்வரை அவனுக்கு நேரம் குறைவு; ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மணிநேரம் தம்பியோடு உதைபந்தாட்ட விளையாட்டு. வெள்ளிக்கிழமை தந்தையின் ஓய்வுநாள். அன்று அவர் அழைக்கும்போது பெட்டியை அணைத்துவிட வேண்டும் என்பது இருவருமே எழுதிய விதி. சண்டை தீர்ந்துவிட்டதா என்று தாயிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "எங்க பாதர்! முன்ன பெட்டிக்கு சண்டை. இப்ப தம்பி ஜெயிச்சிட்டான்னு சண்டை." அந்தச் சண்டைக்காக நான் மனதுக்குள் இறைவனுக்கு நன்றி சொன்னேன்.

அனுப்பவிருந்த பணம் இன்னும் தந்தையிடமே இருக்கிறது. அதைக் கொண்டு அடுத்த விடுமுறையைச் சற்று முன்னதாக எடுக்க முடியுமா என்று அவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அன்பான பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் 'இன்னொன்று' கேட்கும்போது உடனே பணப்பையைத் திறக்கவும் வேண்டாம், உடனே கோபிக்கவும் வேண்டாம். அருகில் அமர்த்தி, எதற்காகக் கேட்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் கேட்பது பொருளாக இராமல், இன்னொரு மனிதராக இருக்கலாம். அந்த மனிதர் நீங்களாகவே இருக்கவும் கூடும்.