கோம்பைக்குப் போகும் வண்டிகள்

சிவகிரி மலையடிவாரத்தில் பாதையில்லாத இடத்தில் பாதை போட்டதாகக் காகிதத்தில் ஏறியிருக்கும் சங்கதி 1783-ல் நடந்தது. பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்த கையோடு இந்தப் பக்கம் திரும்பினார் கும்பெனிப் படையின் கர்னல் வில்லியம் ஃபுல்லர்ட்டன். வந்து பார்த்தால் ஊரில் ஆளில்லை. பாளையக்காரர் படை முழுவதும் கோம்பை என்ற மலையிடுக்குக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. கோம்பையைச் சுற்றி மலை, முன்னால் ஆள் நுழைய முடியாத காடு. மூன்று மைல் தூரத்துக்குப் புதரை வெட்டிக்கொண்டே போய்த்தான் மலையின் காலடியைத் தொட்டோம் என்று கர்னலே எழுதிவைத்திருக்கிறார். கால்டுவெல் 1881-ல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றிலும் அந்தச் சண்டை இருக்கிறது.

இன்று சனிக்கிழமை காலையில் அதே திசையில் போனால், தார் ரோடு தீர்ந்து செம்மண் தொடங்கும் இடத்தில் மஹிந்திரா தார் ஒன்று நிற்கும். கூரையில் மடித்துக் கட்டிய டென்ட், பின்கதவில் உபரி டயர், பக்கவாட்டில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு நீளப் பலகைகள். கோயம்புத்தூர் நம்பர், மதுரை நம்பர், சில சமயம் பெங்களூர் நம்பர். இப்போது சிவகிரி, ராஜபாளையம் பையன்களிடமே நாலைந்து வந்துவிட்டன. இறங்கி நிற்பவர்கள் முகத்தில் இந்த மண்ணில் வண்டி ஓட்டிப் படுத்த முதல் ஆட்கள் தாங்கள்தான் என்ற பூரிப்பு இருக்கும். அதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். கோபம் வராது, சிரிப்புதான்.

மாட்டு வண்டிக் காலத்தில் வார இறுதி என்று ஒன்று கிடையாது. பள்ளிக்கூடத்துக்கும் கச்சேரிக்கும் மட்டும்தான் ஞாயிற்றுக்கிழமை. சம்சாரிக்கு அறுப்பு முடிந்த இடைவெளி, ஆடி அமாவாசை, குற்றாலச் சாரல், சங்கரன்கோவில் ஆடித் தபசு, இவைதான் விடுமுறை. கூண்டு வண்டி கட்டினால் ஒரு குடும்பம் அதற்குள் அடங்கிவிடும். அரிசி, பருப்பு, புளி, கருவாடு, மண்சட்டி, வெங்கலப்பானை. வண்டிக்கு அடியில் சாக்கை ஊஞ்சல்போலக் கட்டி அதில் வைக்கோலும் பருத்திக்கொட்டையும். அச்சின் பக்கத்தில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே வரும். மூங்கில் குழாயில் வண்டி மை தொங்கும். போன இடத்தில் மாட்டை அவிழ்த்துச் சக்கரத்தில் கட்டி, ஏர்க்காலுக்கு முட்டுக்கொடுத்துவிட்டால் வீடு தயார். கூண்டுக்குள் பெண்களும் பிள்ளைகளும், வண்டிக்கு அடியில் ஆண்கள். தபசுக்கு முந்தின நாட்களில் சங்கரன்கோவிலைச் சுற்றி அவிழ்த்துப் போட்ட வண்டிகளைப் பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.

இதிலேயே பெரிய பயணம், பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில். முண்டந்துறைக் காட்டுக்குள் ஆற்றங்கரையில் ஓலைக்குடில் போட்டு நாள்கணக்கில் கிடந்துவிட்டு வருவார்கள். கிடா வெட்டு, பொங்கல், ஆற்றுக் குளியல், ராத்திரி வில்லுப்பாட்டு. சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் வந்து உட்காருவார். முருகதாஸ் தீர்த்தபதி 2020-ல் காலமாகும்வரை அந்தத் தர்பார் நடந்தது. காட்டுக்குள் வண்டி கொண்டுபோய்த் தங்குவது என்றால் எங்கள் பக்கத்தில் அதுதான் தலைமைப் பாடம்.

வழியில் காட்டாறு குறுக்கிடும். மணலில் இரும்புப் பட்டா போட்ட சக்கரம் கத்திபோல இறங்கிவிடும். பின்னால் வருகிற வண்டியின் மாட்டை அவிழ்த்து முன்னால் ஏர் பிணைப்பார்கள். பனைமட்டையை வரிசையாகச் சக்கரத்துக்கு முன்னால் போடுவார்கள். ஆட்கள் ஆரக்காலைப் பிடித்துச் சுற்றுவார்கள். மேட்டில் ஏறும்போது சக்கரத்தின் பின்னாலேயே ஒரு பையன் கட்டையோடு நடக்கவேண்டும். “ஏலே, கட்டையப் போடுல” என்ற சத்தம் வந்ததும் போடாவிட்டால் வண்டியும் போச்சு, மாடும் போச்சு. இன்றைய தாரின் பக்கவாட்டில் தொங்கும் ஆரஞ்சுப் பலகை அந்தப் பனைமட்டையின் வேலையைத்தான் செய்கிறது. வின்ச் கம்பி செய்வது அடுத்த வண்டி மாட்டின் வேலை. பனைமட்டைக்கு மட்டும் யாரும் காசு கொடுத்ததில்லை.

இடையில் ஜீப்பின் காலம் ஒன்று உண்டு. உலகப் போர் முடிந்து ஏலத்தில் வந்த வில்லிஸ் வண்டிகளை முதலில் வாங்கியவர்கள் ஜமீன்களும் எஸ்டேட்காரர்களும். 1940-களின் கடைசியில் மஹிந்திரா கம்பெனி மும்பையில் அதையே பூட்டி விற்கத் தொடங்கியபின் வனத்துறை, மின்வாரியம், மரம் வெட்டக் கூப்பு எடுத்த காண்ட்ராக்டர்கள் என்று பரவியது. 1948-ல் வந்த சட்டத்தால் ஜமீன் ஒழிந்து, காடு சர்க்கார் கைக்குப் போயிற்று. சர்க்கார் அதைக் கூப்பு கூப்பாக ஏலம் விட்டது. வெட்டிய மரத்தை இறக்க லாரி மேலே போகவேண்டுமே, அதற்காக மலையைச் சீவி மண் ரோடு போட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக இன்று ஆஃப்-ரோடுக்காரர்கள் ஆசையாகத் தேடுகிற பாதைகளில் பலவும் இந்தக் கூப்பு ரோடுகள்தான். உல்லாசத்துக்கு அல்ல, மரக்கட்டைக்குப் போட்டவை. கட்டை ஏற்றிய லாரி முதல் கியரில் முனகிக்கொண்டே கொண்டை ஊசி வளைவில் இறங்கும். கிளீனர் ஓட்டமாக ஓடிக் கல் வைப்பான். 1980-ல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டிலேயே கூப்பு வெட்டும் ஓய்ந்தது. கவனிக்க ஆளில்லாத ரோட்டில் உண்ணிச்செடி ஏறிவிட்டது.

ஜீப் ஓட்டுவதை உண்மையிலேயே கலையாகச் செய்தவர்கள் கம்பம், போடி பக்கத்து டிரைவர்கள். விடியுமுன் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களைக் கமாண்டர் ஜீப்பில் அடைத்து, மேட்டில் ஏற்றி, சாயங்காலம் இறக்கிவிடுவார்கள். எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணாமல் இருப்பதே நல்லது. அவர்களை யாரும் சாகசக்காரர்கள் என்று சொன்னதில்லை. கூலிக்குப் போகிற வண்டி, அவ்வளவுதான்.

சிவகிரியில் ஜீப்பைவிட லாரிக்கும் டிராக்டருக்கும்தான் மவுசு. திருச்செந்தூருக்கு, குற்றாலத்துக்கு, சபரிமலைக்கு லோடு லாரியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்துக் குடும்பம் குடும்பமாகப் போனோம். ஓரத்தில் புளியமரமும் கிணறும் கண்ட இடத்தில் நிறுத்திச் சோறு பொங்குவது. அடுப்புக்குக் கல் மூன்று, விறகு அங்கேயே பொறுக்கியது. இதற்கு இன்று பல பெயர்கள் வைத்து, மடக்கு மேசையும் எல்இடி விளக்குமாகப் படம் போடுகிறார்கள். போடட்டும். சாம்பார் மணம் மாறவில்லை.

அப்படியானால் மாறியது எது? வண்டியின் வலு கூடக்கூட, அது போகிற இடம் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சாம்பல் நிற அணில் சரணாலயம் வந்தது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமானதும் அதே ஆண்டில்தான். 2015-ல் நெல்லை வனவிலங்கு சரணாலயம். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம். சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ராத்திரி தங்குவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சொரிமுத்து அய்யனார் கோயிலில் நாள்கணக்கில் இருந்த தங்கலை வனத்துறை சுருக்கிவிட்டது. அண்மை ஆண்டுகளில் ஆடி அமாவாசைக்குச் சொந்த வண்டிகளைக் கீழே அகஸ்தியர்பட்டியோடு நிறுத்திவிட்டு அரசுப் பஸ்ஸில்தான் போகவேண்டும். 2018 மார்ச் 11-ல் குரங்கணித் தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளை அறிவித்து ஆன்லைனில் பதிவு தொடங்கியது. அவை காலால் நடக்க. சக்கரத்துக்கு அல்ல.

இதில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். அடைத்தது சரி. சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடிப் பக்கம் தென்னையும் வாழையும் வைத்தவர்களைக் கேளுங்கள், யானை எத்தனை ராத்திரி இறங்குகிறது என்று. அதன் நடமாட்டத்துக்கு நடுவில் பாட்டுப் போட்டு, பிரியாணி மிச்சத்தைக் கொட்டிவிட்டு வருகிறவர்களால் அடுத்த நாள் சிரமப்படுவது தோப்புக் காவலாளி. ஆனால் ஒன்று. தலைமுறை தலைமுறையாகக் கிடா வெட்டப் போனவனையும், ஒரு படத்துக்காகப் போகிறவனையும் ஒரே செக்போஸ்டில், ஒரே குரலில் விரட்டுவது எனக்கு இன்னும் உறுத்துகிறது. காட்டுக்குள்ளேயே வாழ்ந்த பளியர்களின் சங்கடம் இதைவிடப் பெரியது. அதைப் பேச இந்தப் பக்கங்கள் போதாது.

சரி, தார்காரர்கள் எங்கேதான் ஓட்டுகிறார்கள்? மலைக்குக் கீழே. இந்த ஊரின் நிலம் அவர்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். மேற்கே மலையை ஒட்டிச் செம்மண்ணும் காட்டாற்று மணலும் பாறையும். கிழக்கே சங்கரன்கோவில் போகும் வழியில் கரிசல். நடுவில் குளங்கள், கண்மாய்கள், அவற்றின் கரைகள். மூன்றுக்கும் மூன்று விதமாக ஓட்டவேண்டும். மணலுக்கு டயர்க் காற்றை 32-லிருந்து 18 பவுண்டுக்கு இறக்குகிறார்கள். காற்றுக் குறைந்த டயர் நீளவாக்கில் பரந்து மணலின் மேலே நிற்கும், தோண்டாது. பாறைக்குக் குட்டிக் கியர்ப்பெட்டியை ‘லோ’வுக்குத் தள்ளினால் வேகம் குறைந்து இழுவை கூடும். பிரேக்கைத் தொடாமலே என்ஜினே வண்டியைப் பிடித்துப் பிடித்து இறக்கும். தெரிந்த பையன் ஒருவன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கட்டையோடு பின்னால் நடந்த பையனின் வேலையை அந்த ஒரு லீவர் செய்துவிடுகிறது.

கரிசலில் மட்டும் எந்த வித்தையும் பலிக்காது. ஐப்பசி மழை ஒன்று விழுந்த மறுநாள் அதற்குள் இறங்கினால், மண் டயரோடு ஒட்டி, டயரின் பள்ளமெல்லாம் அடைத்து, சக்கரம் வழுவழுப்பான கரிய உருண்டையாகிவிடும். மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் அப்பி, சுற்றவே விடாது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தால் நாலும் சேர்ந்து வழுக்கும். கம்பை வைத்துச் சுரண்டவேண்டும். டயர் வண்டி வருவதற்கு முன்னால் இரும்புப் பட்டா காலத்திலும் இதே சுரண்டல்தான். கரிசலில் மழைக்குப் பிறகு வண்டியே பூட்டமாட்டார்கள், காயட்டும் என்று விட்டுவிடுவார்கள். தாரில் வருகிறவருக்குத் திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறது, காய விட முடியாது.

கண்மாயில் வேறு ஆபத்து. சீமைக்கருவேல முள். டயரின் அடிப்பாகம் தாங்கும், பக்கவாட்டுச் சுவரில் ஏறிவிட்டால் பஞ்சர்கூட ஒட்ட முடியாது. ஒரு டயரின் விலையில் ஒரு நல்ல வெள்ளாடு வாங்கலாம். ஆடுகள் அதே முள்ளுக்குள் நெற்றுப் பொறுக்கித் தின்றுவிட்டு நோகாமல் வெளியே வருகின்றன.

வண்டியில் செய்யும் மாற்றங்களிலும் சட்டத்தின் கை நுழைந்துவிட்டது. முன்பெல்லாம் பட்டறையில் கொடுத்தால் பம்பரை வெட்டி, சேஸைத் தூக்கி, என்ஜினையே மாற்றிக் கொடுப்பார்கள். ஆர்.சி. புத்தகத்தில் ஒன்று, பானெட்டுக்கு அடியில் ஒன்று. 2017 கடைசியில் முன்பக்கக் கம்பிக் காவலுக்கு மத்திய அரசு தடை போட்டது. 2019-ல் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே சமயத்தில் கம்பெனிகளே காடுமேடு ஏறும் வண்டியை ஏசி, டச் ஸ்கிரீனோடு தரத் தொடங்கின. 2020 காந்தி ஜெயந்தியன்று புதிய தார், 2023-ல் ஜிம்னி. இவற்றில் பெரும்பாலானவை கரடுமுரடான இடம் எதையும் காணாமலே காலத்தை ஓட்டிவிடும். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை நிற்கவும், கட்சிக்காரர் கொடி கட்டவும்தான் தார் அதிகம் பயன்படுகிறது என்றால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

உயரத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் ராத்திரியே கிளம்பி, தேனி வழியாகப் போடிமெட்டு ஏறிச் சூரியநெல்லிக்குப் போகிறார்கள், கொழுக்குமலை பார்க்க. மலை தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில். ஜீப் பாதை கேரளத்திலிருந்து. அங்கே சொந்த வண்டியை நிறுத்திவிட்டு உள்ளூர் ஜீப்புக்குத்தான் காசு கொடுக்கவேண்டும். லட்சங்கள் போட்ட வண்டி கீழே நிற்க, பழைய மஹிந்திரா ஒன்று கல்லில் துள்ளித் துள்ளி இவர்களை மேலே கொண்டுபோகும்.

ஆனால் சிவகிரி வட்டாரத்தில் வண்டியோடு வெட்டவெளியில் படுக்கும் வழக்கம் அறுபடாமல் ஓரிடத்தில் நடந்துகொண்டிருக்கிறது. கிடை. அறுப்பு முடிந்த வயலில் ஆட்டை மறித்து ராத்திரி அமர்த்துவார்கள், புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். அன்றைக்குக் கிடை போடும் கீதாரியின் குடும்பத்துச் சாமான்கள் கழுதை முதுகிலோ தலைச்சுமையிலோ போகும். பிறந்த குட்டிகளைக் கூடையில் தூக்குவார்கள். இன்றைக்கு ஒரு குட்டியானை லோடு வண்டி. அதில் கம்பி வலை, குட்டிகளைக் கவிழ்க்கும் கூடு, தண்ணீர் டிரம், சிலிண்டர், செல்போனுக்குச் சூரியத் தகடு. ஆடு நடக்கும், வண்டி முன்னால் போய் அடுத்த வயலில் நிற்கும். நாலு சக்கர இழுவை கிடையாது. ஆனால் எந்தக் கரை தாங்கும், எந்த வண்டிப்பாதை எந்த மழைக்கு எத்தனை நாளில் இறுகும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. தார்ப் பையன்களில் விவரமானவர்கள் வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இவர்களிடம்தான் கேட்கிறார்கள்.

கண்மாய்க்கரையில் அப்படி வழி கேட்க நின்ற ஒருவனிடம் கீதாரி ஒருவர் டென்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே விசாரித்தார்.

“ராத்திரி இதுலயா தம்பி படுக்கிய?”

“ஆமா அண்ணாச்சி. அடிவாரத்துல ஒரு தோப்புல சொல்லிவச்சிருக்கு. ஒரு ராத்திரிக்கு ரெண்டாயிரம் கேக்காங்க.”

“நீங்க குடுக்கணுமா?” கீதாரிக்கு அது பிடிபடவில்லை. “நாங்க ஒரு ராத்திரி தங்குனா வயக்காரர்லா எங்களுக்குக் குடுப்பாரு.”

பையன் தோப்புக்காரருக்கு முன்பணம் அனுப்பிவிட்டிருந்தான். கரை இறுக இன்னும் ரெண்டு நாள் ஆகும், தெற்கால சுத்திப் போங்க என்று கீதாரி சொன்ன வழியில் வண்டியைத் திருப்பினான்.