மின்னாத பொன் செய்யும் விந்தை

பொன்னை நாம் போற்றுவது அதன் நிறத்துக்காக மட்டுமன்று. அது மாறாத தன்மையுடையது என்பதற்காகவுமாகும். இரும்பு துருப்பிடிக்கும், செம்பு களிம்பேறும், வெள்ளி கறுக்கும். பொன்னோ, பாட்டியின் கழுத்திலிருந்து பேர்த்தியின் கழுத்துக்கு வந்த பின்னரும் பொன்னாகவே இருக்கும். காற்றிலுள்ள ஒட்சிசன் அதனைத் தீண்டுவதில்லை. ஆகவே, பிற பொருள்களிடையே இரசாயன மாற்றத்தைத் தூண்டுவதற்கும் பொன் உதவாதென்றே அறிஞர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்தது ஒரு நச்சுவாயு.

காபனோரொட்சைட்டு என்பது அதன் பெயர். கரியும் விறகும் எண்ணெயும் போதிய காற்றின்றி எரியும்போது அது உண்டாகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நமது குருதியிலுள்ள ஈமோகுளோபின், ஒட்சிசனைப் பற்றுவதிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையோடு இதனைப் பற்றிக்கொள்ளும். அடைத்த அறையிலே கரியடுப்பை மூட்டிவிட்டு உறங்கியோர் விழித்தெழாமற் போவது இதனாலேயே.

இந்நஞ்சின் மூலக்கூறோடு இன்னுமோர் ஒட்சிசன் அணு சேருமாயின், அது நாம் மூச்சில் வெளிவிடும் காபனீரொட்சைட்டாக மாறிவிடும். ஆயினும், காற்றோடு கலந்து கிடந்தாலும், சாதாரண வெப்பநிலையில் இவை தாமாகக் கூடுவதில்லை. கூட்டிவைக்க ஊக்கி ஒன்று வேண்டும்.

ஊக்கியின் தொழில் அதன் மேற்பரப்பிலேயே நிகழ்கின்றது. எனவே, துளைகள் நிறைந்த உலோகமே இதற்குச் சிறந்தது. 1823 ஆம் ஆண்டில் ஜேர்மனிய அறிஞர் தொபரைனர், பஞ்சுபோன்ற பிளாற்றினத்தின்மீது ஐதரசனைப் பாய்ச்சியபோது அது காற்றிலே தீப்பற்றி எரிந்தது. 1975 ஆம் ஆண்டு முதல் அமெரிக்க மோட்டார் வண்டிகளின் புகையிலுள்ள நஞ்சை மாற்றும் கருவியிலும் பிளாற்றினம் இடம்பெற்றது. ஆனால், அதற்கொரு குறையுண்டு. குளிர்ந்திருக்கும்போது காபனோரொட்சைட்டே பிளாற்றினத்தின் மேற்பரப்பு முழுவதையும் அடைத்துக்கொள்ளும்; ஒட்சிசனுக்கு அங்கே இடமிராது. வெப்பம் 200 பாகை செல்சியசு அளவைக் கடந்த பின்னரே இடம் விடும். எஞ்சின் சூடேறுமுன் வெளிப்படும் புகை தீயதாயிருப்பது இக்காரணத்தாலேயே.

இந்நிலையில், 1987 ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் அருத்தா, உலோக ஒட்சைட்டின்மீது பதித்த மிக நுண்ணிய பொற்றுகள்கள், நீர் உறையும் குளிரிலும் மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் இந்நஞ்சை மாற்றுவதைக் காட்டினார். 2006, 2007 ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியிலும் சீனாவிலும் ஆய்ந்தோர், தாங்குபொருள் எதுவுமின்றி நுண்டுளைப் பொன் தனியாகவே இவ்வேலையைச் செய்யக் கண்டனர்.

அத்தகைய பொன்னைச் செய்யும் முறை புதியதன்று. பொன்னின் மாற்றை அளப்போர், அதனோடு ஏறத்தாழ மும்மடங்கு வெள்ளியைச் சேர்த்து உருக்கி, நைத்திரிக்கமிலத்தில் இடுவது பழைய வழக்கம். வெள்ளி கரைந்துவிடும், எஞ்சும் பொன் மின்னாது, மண்ணிறமாய் மங்கியிருக்கும். மயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கேயான துளைகள் அதில் நிறைந்திருக்கும். கரையாது தங்கிய சிறிதளவு வெள்ளி, ஒட்சிசன் மூலக்கூறைப் பிளக்க உதவுகின்றதென ஆய்வாளர் கருதுகின்றனர்.

மாற்றளப்போரோ அம்மங்கிய பொன்னை நெருப்பிலிட்டு மஞ்சள் நிறத்தை மீட்பர். அப்போது துளைகள் மூடிக்கொள்ளும். அவ்வெப்பமே இவ்வூக்கிக்கும் பகை. துளைகள் பருத்து அதன் ஆற்றல் குன்றுமாதலால், கொதிக்கும் புகைக்குழாயில் அதனைப் பொருத்துதல் எளிதன்று.

வீட்டிலே நம்மைக் காக்கப் பொற்பஞ்சு இல்லை. ஆகவே, அடைத்த அறையில் கரி மூட்டாதிருப்போமாக. மூடிய கொட்டிலில் மோட்டார் வண்டியை இயங்கவிடாதிருப்போமாக. அடுப்பெரியும் இடத்திற் சாளரம் திறந்திருக்கட்டும்.