கைக்குழந்தையுடன் ஊருக்குப் போகிறீர்களா?

பண்டிகைக்கு முதல் நாள் இரவு பெங்களூர் சாந்திநகர் பஸ் நிலையத்திலும் கலாசிபாளையத்திலும் நின்று பார்த்தால், ஒவ்வொரு பஸ்ஸிலும் இரண்டு மூன்று கைக்குழந்தைகளாவது ஏறுவதைக் காணலாம். சேலத்துக்கு ஏறக்குறைய 200 கிலோ மீட்டர். மதுரைக்கு 430-க்கு மேல். அதற்கும் தெற்கே போகிறவர்களுக்கு ஓர் இரவு முழுவதும் பஸ்ஸில்தான். பெரியவர்களுக்கே இடுப்பு ஒடியும் பயணம் இது.

ஆனாலும் போகாமல் முடியாது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் வழக்கம். ஆகவே பெங்களூர்த் தமிழ்க் குழந்தைகள் பலருக்கு வாழ்க்கையின் முதல் நெடும்பயணமே, மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ தாயின் மடியில் இந்த நகரத்துக்கு வந்து சேர்வதுதான். பிறகு குலதெய்வம் கோவிலில் மொட்டை, தாய்மாமன் மடியில் காதுகுத்து, பொங்கல், தீபாவளி என்று வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை அதே ரோடு.

"பிள்ளைக்கு என்ன, மடியில் தூங்கிக்கொண்டே வந்துவிடும்" என்று சொல்லித்தான் தகப்பன்மார் டிக்கெட் எடுக்கிறார்கள். முதலாளி கொடுத்த இரண்டு நாள் லீவில் போய்வர வேண்டியவருக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் லீவுக் கணக்கு குழந்தையின் உடம்புக்குத் தெரியாது.

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு

பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. தருமபுரியைத் தாண்டித் தொப்பூர் கணவாயில் பஸ் இறங்கும்போதே காற்று மாறிவிடுகிறது. மார்கழிக் குளிருக்காகச் சாந்திநகரில் மாட்டிய கம்பளிச் சட்டையும் குல்லாயும், நடுநிசியில் குழந்தையை வேக வைக்கும். தாயும் அயர்ந்து தூங்கியிருப்பாள். காலையில் ஊர் போய் இறங்கும்போது வேர்த்து நனைந்த குழந்தை சிணுங்கும். பாட்டி கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போடுவாள். ஒரே கனமான சட்டைக்குப் பதில் மெல்லிய பருத்திச் சட்டை இரண்டைப் போட்டு, கிருஷ்ணகிரி தாண்டியதும் ஒன்றைக் கழற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயண வாந்தி அநேகமாக வருவதில்லை. அதற்கு மேற்பட்ட குழந்தைகளுக்குத்தான் வளைவில் குமட்டும். பின் சக்கரத்துக்கு மேலுள்ள சீட்டில் ஆட்டம் அதிகம். முன் பாதியில் இடம் கேட்டு வாங்குவது நல்லது. அழாமல் இருக்கட்டும் என்று கையில் கொடுக்கும் செல்போனே குமட்டலை வளர்க்கும். புறப்படுமுன் இரண்டு இட்லி போதும். வாந்தி நிற்காவிட்டால் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். பாதிப் பொடியைக் கண்ணளவில் கரைப்பது தவறு.

தூங்க வைக்கும் மருந்து

இன்னொரு பழக்கம் கவலை தருவது. பஸ்ஸில் அழாமல் தூங்கட்டும் என்று சளி மருந்தில் ஒரு மூடி ஊற்றிவிடுகிறார்கள். மருந்துக் கடைக்காரரும் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்துகளை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. சளி பிடித்த குழந்தைக்கே கூடாது என்றான பின், சளியே இல்லாத குழந்தைக்குத் தூக்கத்துக்காகக் கொடுப்பதை என்னவென்று சொல்வது? குழந்தை அழுதால் பக்கத்து சீட்டுக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம். கோடையிலும் தண்ணீர் தேவையில்லை. பால் கொடுக்க இடம்தான் சங்கடம். தமிழகப் பஸ் நிலையங்களில் தாய்மார்களுக்கென்று தனி அறைகள் 2015 ஆகஸ்டில் திறக்கப்பட்டன. பூட்டிக் கிடக்கும் இடங்களும் உண்டு. டைம் கீப்பரிடம் கேட்டால் சாவி கிடைக்கக்கூடும். இரவு பஸ்கள் நிற்கும் ரோட்டோர ஓட்டல்களில் இந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. ஒரு சேலைத் துண்டும் ஜன்னலோர சீட்டுமே அங்கே துணை.

மோட்டார் சைக்கிளில் வேண்டாம்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துத் தொழிலாளர்கள் பலர் பஸ் கூட்டத்துக்குப் பயந்து மோட்டார் சைக்கிளிலேயே கிளம்பிவிடுகிறார்கள். பெட்ரோல் டாங்கின் மேல் பிள்ளை, பின்னால் மனைவி, பக்கத்தில் மூட்டை. 2023 பிப்ரவரி முதல் அமலில் உள்ள விதிப்படி, 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு பெல்ட்டால் இணைக்க வேண்டும். 9 மாதம் ஆன குழந்தைக்கு ஹெல்மெட் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோ மீட்டரைத் தாண்டக் கூடாது. லாரிகள் பறக்கும் ஓசூர் ரோட்டில் 40-ல் போவதும் ஆபத்து, 80-ல் போவது அதைவிட ஆபத்து. பக்கத்துத் தெருவுக்குச் சரி; ஊருக்கு ஆகாது.

வாடகைக் காரிலும் முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். திடீரென்று பிரேக் போட்டால் எந்தத் தாயின் கையும் தாங்காது. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் சட்டமே திருத்தப்பட்டிருக்கிறது.

எல்லையில் நடந்தவர்கள்

மூட்டை விஷயத்தில் பெங்களூர்த் தமிழருக்குத் தனிப் பாடம் உண்டு. 2016 செப்டம்பர் 12 அன்று காவிரிப் பிரச்னையில் கலவரம் மூண்டு, தமிழகப் பதிவெண் கொண்ட பஸ்கள் கொளுத்தப்பட்டன. இரு மாநில பஸ்களும் எல்லையோடு நின்றன. அத்திப்பள்ளியில் இறங்கி, ஜூஜூவாடி வரை பெட்டியும் பிள்ளையுமாக ஜனங்கள் நடந்தார்கள். கொரோனா காலத்தில் பஸ் போக்குவரத்து நின்றபோதும் அதே நடை. ஒரு கையில் குழந்தை இருக்க, மறு கையால் தூக்க முடிகிற ஒரே பையோடு வந்தவர்கள்தான் அன்று சிரமமில்லாமல் கடந்தார்கள். குழந்தையின் துணி, பால், மருந்து மூன்றும் அந்தப் பையில் இருக்க வேண்டும். பஸ்ஸின் டிக்கியில் போய்விடக் கூடாது.

டிக்கெட் விஷயம் ஒன்று பாக்கி. தமிழக அரசு பஸ்களில் 3 வயது முடிந்தாலே அரை டிக்கெட் என்றிருந்தது; 2022 முதல் 5 வயது வரை கட்டணம் இல்லை. கர்நாடக அரசு பஸ்ஸில் 6 வயது வரை இலவசம். ஆகவே ஐந்தரை வயதுப் பையன் போகும்போது இலவசமாகவும் வரும்போது அரை டிக்கெட்டிலும் பயணம் செய்வான். இலவசம் என்றால் சீட்டும் கிடையாது என்பதை மறக்கக் கூடாது. மூன்று வயதுப் பிள்ளையை இரவு முழுவதும் மடியில் சுமப்பதைவிட, கையில் காசிருந்தால் தனி சீட்டு ரிசர்வ் செய்துவிடலாம். பிறப்புச் சான்றிதழின் நகல் ஒன்று பையில் இருந்தால் கண்டக்டரோடு வாக்குவாதமும் மிச்சம்.