சராசரியும் புள்ளிக் கோடும்

கூட்டுறவுச் சங்கங்களின் மகாசபைக் கூட்டங்களில் வாசிக்கப்பெறும் அறிக்கைகளில் சராசரி என்னும் சொல் பெரும்பாலும் இடம்பெறுகின்றது. தறி ஒன்றுக்குச் சராசரிக் கூலி இவ்வளவு, ஏக்கர் ஒன்றுக்குச் சராசரி விளைவு இவ்வளவு என்று படிக்கின்றனர். அங்கத்தினரும் கேட்டு அமைகின்றனர். ஆனால், சராசரி என்பது பலருடைய நிலையை ஓர் எண்ணில் அடக்குவதாகும். அவ்வாறு அடக்கும்பொழுது, மேலே நிற்பவர் எத்தனை பேர், கீழே நிற்பவர் எத்தனை பேர் என்பது மறைந்துவிடுகின்றது.

பத்து நெசவாளரில் எண்மர் மாதம் 10,000 ரூபாயும், இருவர் 5,000 ரூபாயும் கூலி பெறுவதாக வைத்துக்கொள்வோம். சராசரி 9,000 ரூபாய். அத்தொகையைப் பெறுபவர் அப்பதின்மரில் ஒருவரும் இலர். உதவி வேண்டி நிற்கும் இருவரோ அறிக்கையில் தென்படவே இல்லை.

இக்குறையைப் போக்க எளிய வழி ஒன்று உண்டு. தாளில் நேர்கோடு ஒன்று வரைந்து, சம இடைவெளியில் எண்களைக் குறிக்க வேண்டும். பின்னர், ஒவ்வோர் அங்கத்தினரின் அளவுக்கும் உரிய இடத்தில் ஒரு புள்ளி இட வேண்டும். இதனைப் புள்ளிக் கோட்டுப் படம் எனலாம். ‘ஸ்ட்ரிப் சார்ட்’ என்று புள்ளியியலார் வழங்குவர். பத்துப் பேர் என்றால் பத்துப் புள்ளிகள். யாரும் விடுபடுவதில்லை.

இதன் பயனை உண்மையான கணக்கு ஒன்றினால் காண்போம். இங்கிலாந்து நாட்டு அறிஞர் சார்லஸ் டார்வின், அயல் மகரந்தச் சேர்க்கையால் பிறந்த மக்காச்சோளச் செடிகளையும், தன் மகரந்தச் சேர்க்கையால் பிறந்தவற்றையும் இணை இணையாகத் தொட்டிகளில் வளர்த்தார். பதினைந்து இணைகளின் உயரங்களை 1876ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் அளித்தார். அயல் சேர்க்கைச் செடிகளின் சராசரி உயரம் 20 அங்குலத்திற்குச் சற்று மேல். தன் சேர்க்கைச் செடிகளின் சராசரி ஏறக்குறைய 17½ அங்குலம். முதல் வகையே உயர்ந்தது என்பதோடு சராசரி நின்றுவிடுகின்றது.

அவ்வுயரங்களையே இரு கோடுகளில் புள்ளிகளாக இட்டால் வேறொரு செய்தி வெளிப்படும். அயல் சேர்க்கைச் செடிகளில் பதின்மூன்று, 18 முதல் 23½ அங்குலம் வரை நெருங்கி நிற்கின்றன. எஞ்சிய இரண்டும் கூட்டத்தை விட்டு விலகி, 12 அங்குலத்தில் நிற்கின்றன. முப்பது செடிகளிலும் மிகக் குட்டையானவை, உயர்ந்த வகையைச் சேர்ந்த இவ்விரண்டே! இவற்றை நீக்கிக் கணக்கிட்டால் அவ்வகையின் சராசரி 21 அங்குலத்தையும் கடக்கும். அவை ஏன் குன்றின என்னும் வினா, படத்தைக் கண்டவருக்கே எழும்.

படம் வரைவோர் சிலவற்றை மனத்திற்கொள்ள வேண்டும். மேற்கூறிய இரு செடிகளும் ஒரே உயரத்தன. ஆகையால் இரு புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒன்றாகவே தோன்றும். அத்தகைய புள்ளிகளை ஒன்றன் தலைமேல் ஒன்றாக அடுக்க வேண்டும். கோட்டின் வழியே தள்ளினால் அளவு பிழைபடும். இரு ஊர்களையோ இரு பருவங்களையோ ஒப்பிடும்பொழுது, கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து, இரண்டிற்கும் ஒரே அளவுகோலைக் கொள்ளுதல் வேண்டும். சராசரியைச் சிறு குறுக்குக் கோட்டால் காட்டலாம். அங்கத்தினர் பெயர்களை எழுதலாகாது. ஒருவருடைய வறுமையைச் சபையில் காட்சிப்பொருளாக்குவது முறையன்று. புள்ளிகள் நூற்றுக்கணக்கில் பெருகினால் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும்; அப்பொழுது இத்தனை முதல் இத்தனை வரை இத்தனை பேர் என்று பகுத்துக் காட்டும் கட்டப்படமே தகும்.

தனித்து நிற்கும் புள்ளியை, படம் அழகாய் அமையவில்லை என்று அழித்துவிடலாகாது. அது எழுத்துப் பிழையா என்று முதலில் பேரேட்டில் சரிபார்க்க வேண்டும். பிழை இல்லையெனில், அங்கே ஒரு குடும்பத்தின் நிலை குறிக்கப்பட்டிருக்கின்றது. தறி பழுதுபட்டதோ, பாவு கிடைக்கத் தாமதமாயிற்றோ, கிணறு வற்றியதோ என்று நிர்வாகக் குழு விசாரித்தறிதல் கடமையாகும்.

இன்று கணினியைக் கொண்டு இப்படத்தைத் திரையிலும் காட்டலாம். கட்டம் போட்ட தாளும் பென்சிலும் இருந்தாலும் போதும். அடுத்த மகாசபைக் கூட்டத்தில் சராசரி வாசிக்கப்படும்பொழுது, புள்ளிகளையும் காட்டுமாறு அங்கத்தினர் கேட்பாராக.