கண் திறந்தது எந்திரம்!

சினிமா டிக்கெட் வாங்க செல்போனில் பொத்தானை அமுக்குகிறீர்கள். சக்கரம் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில், "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்று ஒரு வரி வருகிறது.

என்ன தவறு? எங்கே நடந்தது? அதை மட்டும் சொல்வது இல்லை.

அதைக் கண்டுபிடிப்பது என்ஜினீயர்களுக்கே தலைவலி. இப்போது அந்த வேலைக்கு ஒரு புது ஆள் வந்திருக்கிறார். ஆள் என்றா சொன்னோம்? இல்லை, செயற்கை அறிவு ஏஜெண்டு! ஒரு வேலையைச் சொல்லிவிட்டால், தானே படிப்படியாகச் செய்து முடிக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம் அது.

கடிதமும் நம்பரும்

பொத்தானை அமுக்கியதும் என்ன நடக்கிறது? இணையப் பக்கங்களைக் காட்டும் பிரவுசர், எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்குக் கடிதம் அனுப்புகிறது. "இன்ன படம், இரண்டு டிக்கெட் வேண்டும்" என்று கேட்கிறது. கடிதத்தைப் பெறும் கம்ப்யூட்டருக்கு சர்வர் என்று பெயர். அது பதில் அனுப்பும். பதிலின் தலைப்பில் ஒரு நம்பர் இருக்கும்.

200 என்றால் காரியம் ஆயிற்று. 404 என்றால், கேட்டது அங்கே இல்லை. 403 என்றால், அனுமதி இல்லை. 500 என்றால், சர்வருக்கே கோளாறு!

ஒரே ஒரு பக்கம் திறப்பதற்குள் நூறு கடிதங்கள்கூடப் போய் வரும். பிரவுசர் எல்லாவற்றையும் ஒரு பேரேட்டில் குறித்துக் காட்டும். என்ஜினீயர் அதைப் பார்த்து, எந்தக் கடிதத்தில் தகராறு என்று கண்டுபிடிப்பார்.

நாடி பார்க்காத வைத்தியர்

ஏஜெண்டுக்கு அந்தப் பேரேடு எட்டாமல் இருந்தது. புரோகிராமை எழுதும், திருத்தும். ஆனால் அது பிரவுசரில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க முடியாது. நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியரைப் போலத்தான். "சரி செய்துவிட்டேன்" என்று சொல்லும். பொத்தானை அமுக்கினால், பழையபடி சக்கரம் சுற்றும்!

இதில் ஒரு வேடிக்கை. ஏஜெண்டு பொய் சொல்லவில்லை. பிரவுசர் இல்லாமலே சர்வருக்கு நேராக ஒரு கடிதம் போட்டுப் பார்த்திருக்கும். 200 என்று பதிலும் வந்திருக்கும். அப்படியானால் உங்கள் பொத்தான் ஏன் வேலை செய்யவில்லை?

காரணம், பிரவுசருக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான். ஒரு பக்கம், வேறு விலாசத்தில் உள்ள சர்வரிடம் பதில் கேட்டால் அவன் குறுக்கே நிற்பான். "இந்தப் பக்கத்துக்குக் கொடுக்கலாம் என்று சர்வர் எழுதியிருக்கிறதா?" என்று பார்ப்பான். எழுதவில்லை என்றால், பதில் வாசல் வரை வந்தும் உள்ளே போகாது.

அவன் மேல் கோபப்படாதீர்கள். அவன் இல்லாவிட்டால், நீங்கள் ஏமாந்து திறக்கும் மோசடிப் பக்கம் ஒன்று, உங்கள் பாங்கிக் கணக்கை உங்கள் பெயரிலேயே கேட்டு வாங்கிப் படித்துவிடலாம்!

நேராகப் போகும் கடிதத்துக்கு இந்தக் காவல் கிடையாது. அதனால்தான் ஏஜெண்டுக்குக் கிடைத்த பதில் உங்களுக்குக் கிடைக்கவில்லை. பிரவுசரிலேயே அமுக்கிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

விஷமும் முறிவும்

ஆள் இல்லாமல் பிரவுசரை இயக்கும் கருவிகள் முன்பே உண்டு. 2004-ல் அமெரிக்காவில் சிகாகோ நகரில், தாட்வொர்க்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஜேசன் ஹக்கின்ஸ் ஒன்றைச் செய்தார். செலினியம் என்று பெயர் வைத்தார். அப்போது இந்தத் தொழிலில் இருந்த ஒரு கம்பெனியின் பெயர் மெர்க்குரி. அதாவது பாதரசம். பாதரச விஷத்துக்கு செலினியம் முறிவாம்! பொல்லாத குறும்பு.

2017-ல் கூகுள் ஒரு கருவியை வெளியிட்டது. பெயர் பப்பெட்டியர். பொம்மலாட்டக்காரர் என்று அர்த்தம். 2020-ல் மைக்ரோசாப்டின் பிளேரைட் வந்தது. அதற்கு நாடக ஆசிரியர் என்று அர்த்தம்.

ஏஜெண்டும் கருவிகளும் பேசிக்கொள்ள ஒரு பொது முறை வேண்டும் அல்லவா? எம்.சி.பி. என்ற அந்த முறையை 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் கம்பெனி வெளியிட்டது. 2025 மார்ச்சில் பிளேரைட் அதில் சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், கூகுள் தன் குரோம் பிரவுசரின் பேரேட்டையே ஏஜெண்டுக்குத் திறந்துவிட்டது.

இப்போது ஏஜெண்டு தானே பிரவுசரைத் திறக்கிறது. பொத்தானை அமுக்குகிறது. பேரேட்டைப் பார்க்கிறது. தகராறு செய்த கடிதத்தைத் தனியே எடுத்துப் பிரிக்கிறது. "சர்வரின் அனுமதியில் இந்த விலாசம் இல்லை" என்று கண்டுபிடிக்கிறது. விலாசத்தைச் சேர்த்துவிட்டு, மறுபடியும் அமுக்கிப் பார்க்கிறது.

ஆனால் அவசரக்கார ஏஜெண்டு, விலாசத்துக்குப் பதிலாக ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிடவும் கூடும். "யார் வந்தாலும் விடு" என்று அதற்குப் பொருள். பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றுவதா? என்ஜினீயர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய இடம் இது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பிரவுசரில் திறந்து கிடக்கும் எல்லாமே ஏஜெண்டின் கண்ணில் படும். உங்கள் கடிதங்கள், பாங்கிக் கணக்கு எதுவும் பாக்கி இல்லை. பக்கத்தில் யாராவது ஒளித்து வைத்த வஞ்சக வார்த்தைகளை, எஜமானின் உத்தரவு என்று நினைத்து அது ஏமாறவும் கூடும். ஆகையால் சொந்த விவரங்கள் உள்ள பிரவுசரை அதனிடம் கொடுக்க வேண்டாம் என்று கூகுளே எச்சரிக்கிறது. வேலைக்கென்று புதிதாக ஒரு பிரவுசரைத் திறந்து, முடிந்ததும் அதில் உள்ளதை எல்லாம் அழித்துவிடும் வசதியும் அந்தக் கருவியில் இருக்கிறது.