தவறினாலும் ஒரே இடத்தில்!

பழைய ராணுவ ரைஃபிளின் கண்ணைத் திருத்தும் கலை

தார்ப்பாயில் குப்புறப் படுத்து ஐந்து ரவுண்டு சுட்டு முடித்தபோது தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது. நாற்பது வருடங்களுக்கு முந்தைய கல்லூரிப் பயிற்சி முகாம் அது. கையில் இருந்தது, அங்கிருந்த எல்லோரையும்விட வயதில் மூத்த ‘த்ரீ நாட் த்ரீ’. நூறு கஜம் நடந்துபோய்ப் பார்த்தால் கறுப்பு வட்டத்துக்குள் ஒரு ஓட்டைகூட இல்லை. ஐந்தும் இடப்பக்கம் கீழே, உள்ளங்கையால் மூடிவிடலாம் போல நெருங்கிக் கிடந்தன. பக்கத்தில் சுட்ட நண்பனுக்கு ஒன்று கறுப்பில். மற்ற நான்கும் நாலு திசையில். அவன் துள்ளினான். நான் தலையைத் தொங்கப்போட்டேன்.

ஹவில்தார் வந்து என் அட்டையின்மேல் கையை விரித்துவைத்துப் பார்த்தார். “அவனுக்கு விழுந்தது அதிர்ஷ்டம் தம்பி. அதை யாராலும் திருத்த முடியாது. உனக்கு விழுந்தது சைட்டோட கோளாறு. அதை இப்பவே திருத்திடலாம்.”

அந்தத் திருத்தத்துக்குப் பெயர்தான் ‘ஜீரோயிங்’. இன்றைக்கும் பழைய ரைஃபிளைக் கையிலெடுக்கும் எவரும் முதலில் செய்யவேண்டிய வேலை அதுதான்.

நேர்க்கோடும் வளைகோடும்

நாம் த்ரீ நாட் த்ரீ என்று சொல்வது லீ-என்ஃபீல்டு ரைஃபிள். அதன் புகழ்பெற்ற மார்க் 3 வடிவம் 1907-இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்தது. கொல்கத்தாவை அடுத்த இச்சாப்பூர் தொழிற்சாலையிலும் அது தயாரானது. குழல் நுனியில் நிற்கும் மெல்லிய இரும்புத் தகடு ஃபோர்சைட். கண்ணுக்கு அருகே ‘யூ’ வடிவப் பள்ளம் கொண்டது பேக்சைட். பள்ளத்தின் நடுவில் தகடு நிற்க வேண்டும். தகட்டின் தலையும் பள்ளத்தின் தோள்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அந்தத் தலைமேல் கறுப்பு வட்டம் உட்கார வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க எந்தக் கண்ணாலும் ஆகாது. அதனால் பழகியவர்கள் ஃபோர்சைட்டை மட்டும் கூர்மையாகப் பார்ப்பார்கள். குறி கொஞ்சம் மங்கலாகவே தெரியட்டும்.

கண் நேராகப் போகும். குண்டு அப்படிப் போகாது. நொடிக்கு சுமார் 744 மீட்டர் வேகத்தில் கிளம்பினாலும், குழலை விட்ட கணத்திலிருந்தே அது கீழே இறங்கத் தொடங்கிவிடும். அதை ஈடுகட்டத்தான், பார்வைக்கோட்டைவிடக் குழல் இம்மியளவு மேல்நோக்கி இருக்கும்படி சைட்டுகளை வைக்கிறார்கள். குண்டு ஏறி, வளைந்து, குறிப்பிட்ட ஒரு தூரத்தில் பார்வைக்கோட்டைத் தொடும். அந்தத் தூரத்தை நிச்சயிப்பதுதான் ஜீரோயிங்.

இந்த ரைஃபிளின் பேக்சைட்டில் இருக்கும் ஆகக் குறைந்த எண் 200 கஜம். அந்த நிலையில் வைத்து 100 கஜத்தில் சுட்டால், குண்டு குறிக்குச் சில அங்குலம் மேலே விழுவதுதான் சரி. இது தெரியாமல், ‘மேலே அடிக்கிறது’ என்று நல்ல துப்பாக்கியைக் குறை சொல்பவர்கள் உண்டு.

சைட்டைத் தொடும் முன்

ரைஃபிளின் உடலைக் கட்டிப்பிடித்திருக்கும் திருகுகள் இறுகியிருக்கின்றனவா? ஃபோர்சைட் ஆடுகிறதா? குழலுக்குள் எண்ணெய் இருக்கிறதா? எண்ணெய்க் குழலிலிருந்து போகும் முதல் குண்டு தன் கூட்டத்தோடு சேராது. இந்த ரைஃபிளில் குழல் நுனிவரை மரம் போர்த்தியிருக்கிறது. மழைக்காலத்தில் மரம் ஊறி உப்பினால் குழலை நெருக்கும்; குண்டு விழும் இடமும் நகரும். சைட் சரியாக இருக்கும், சதி மரத்துடையதாக இருக்கும்.

எல்லாம் சரியென்றால் முன்கையை மணல்மூட்டைமேல் வைத்து, ஒரே தோட்டா வகையில் ஐந்து ரவுண்டு. முதல் குண்டு தள்ளி விழுந்தது தெரிந்தாலும், அடுத்ததைக் கொஞ்சம் மாற்றிப் பிடிக்கக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். சுடும்போதே திருத்தினால், தவறு கையினுடையதா, சைட்டினுடையதா என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

ஐந்தும் சிதறினால் சைட்டைத் தொட்டுப் பயனில்லை. மூச்சையும் விசையை அழுத்தும் விரலையும்தான் பழக்க வேண்டும். ஐந்தும் ஒட்டி விழுந்தால் அந்தக் கூட்டத்தின் மையத்தைக் கண்டுபிடித்து அளவெடுக்கலாம்.

அரை மில்லிமீட்டர் கணக்கு

இரண்டு சைட்டுகளுக்கும் இடையே சுமார் பத்தொன்பதரை அங்குலம். நூறு கஜம் என்பது 3,600 அங்குலம். வகுத்தால் ஏறக்குறைய 185. ஃபோர்சைட்டில் செய்யும் எந்த மாற்றமும் அட்டையில் 185 மடங்காகத் தெரியும். என் கூட்டம் விழவேண்டிய இடத்திலிருந்து இடப்பக்கம் சுமார் மூன்றே முக்கால் அங்குலம் விலகியிருந்தது. அதற்கு நகர்த்தவேண்டியது அரை மில்லிமீட்டர். மைக்ரோ டிப் பென்சிலுக்குள் போடுகிற லெட்டின் தடிமன்!

எந்தப் பக்கம் நகர்த்துவது? ஃபோர்சைட்டைக் குண்டு தவறிய பக்கமே தள்ள வேண்டும். இடப்பக்கம் விழுந்தால் இடப்பக்கம். கீழே விழுந்தால் தகட்டின் உயரத்தைக் குறைக்க வேண்டும். பேக்சைட் என்றால் எல்லாம் தலைகீழ். தப்பின் திசையிலேயே இன்னும் தள்ளுவது முதலில் அபத்தமாகத் தோன்றும். தள்ளிய தகட்டை மறுபடி பள்ளத்தின் நடுவுக்குக் கொண்டுவரக் குழல் மொத்தமும் வலப்பக்கம் திரும்பியாக வேண்டும் என்பதை நினைத்தால் விளங்கும்.

ஆரம்பத்தில் பேக்சைட்டையே பக்கவாட்டில் திருகும் வசதி இருந்தது. 2,800 கஜம் வரை வீரர்கள் கூட்டமாகச் சுடுவதற்கு ஒரு தனி சைட்டும் பக்கத்தில் இருந்தது. முதல் உலகப் போரின் அவசரத்தில் இரண்டையும் கழற்றிவிட்டார்கள். அதன்பிறகு பக்கவாட்டுத் திருத்தம், தகட்டை அதன் காடியில் நெம்பித் தள்ளும் சிறு கருவியோடு வரும் ஆர்மரர் என்ற ஆயுதப் பழுதுபார்ப்பவர் கைக்குப் போனது. உயரத்துக்கு, ஆயிரத்தில் 15 பங்கு அங்குல வித்தியாசத்தில் வரிசையாகத் தகடுகள். ஒரு படி மாற்றினால் நூறு கஜத்தில் இரண்டே முக்கால் அங்குலம்.

தூரம் பற்றிய பெருமையும் பின்னாளில் குறைந்தது. 1960-களில் இச்சாப்பூர் இதே ரைஃபிளை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றிச் செய்தபோது, பேக்சைட்டின் உச்ச எண் 2,000-லிருந்து 800-க்கு இறங்கியது.

யாருடைய ஜீரோ?

ஒருமுறை வைத்த ஜீரோ நிரந்தரமில்லை. தோட்டாவின் வகை மாறினால் போச்சு. குழல் நுனியில் பயனெட் கத்தியை மாட்டினாலும் கழற்றினாலும் குழலின் அதிர்வு மாறி, குண்டு வேறிடம் தேடும். ரஷ்யாவின் மோசின்-நாகான்ட் ரைஃபிளைப் பயனெட் மாட்டிய நிலையிலேயே ஜீரோ செய்தார்கள். இன்று அதைப் பயனெட் இல்லாமல் சுடும் சேகரிப்பாளர்கள், துப்பாக்கி ‘கோணல்’ என்று குழம்புவது வழக்கம்.

நம் நாட்டில் த்ரீ நாட் த்ரீ தடைசெய்யப்பட்ட ரகம்; சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. 2020 குடியரசு தின அணிவகுப்போடு உத்தரப்பிரதேச போலீஸும் அதற்கு விடைகொடுத்துவிட்டது.

அன்று முகாமில் ஆர்மரர் தகட்டைத் தள்ளி முடித்ததும், தகடும் அடிக்கட்டையும் சேரும் இடத்தில் உளியால் மெல்லிய கோடு ஒன்று போட்டார், பின்னால் நகர்ந்தால் தெரிவதற்காக. குனிந்து பார்த்தேன். பக்கத்திலேயே இன்னொரு கோடு, துருவேறி, இரண்டு துண்டாக விலகி நின்றது. எப்போதோ யாரோ தன் ஐந்து ரவுண்டைச் சுட்டு வாங்கிய திருத்தம்.

மறுபடி ஐந்து சுட்டேன். ஹவில்தார் அட்டைக்குப் போனார். கறுப்பில் எத்தனை என்று எண்ணவில்லை. முதலில் உள்ளங்கையை விரித்துவைத்துப் பார்த்தார்.